தோற்ற சீட்டுகள்

பருத்திச் சாக்குகளுக்குக் காவல் இருப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மாமா மகன் முந்தின நாள் இரவே குட்டியானையில் சரக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நடவு ஆட்களைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினான். “யார்கிட்டயும் ஒண்ணும் பேசிக்காதீங்க அத்தான். போர்டுல வெல எழுதினதும் ஒரு போன் போடுங்க, போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை.

2023 ஜூலை. காவிரிப் படுகையில் ஓர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். எந்த ஊர் என்பது வேண்டாம். கோடைப் பருத்தி விற்கிற கூடங்களில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் தரை. தரை முழுக்க வெள்ளைக் குவியல்கள். இடம் பிடிக்க முடியாதவர்கள் வெளியே ரோட்டோரம் வரை சாக்கை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின வருஷம் குவிண்டால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. அந்த ஆசையில் உளுந்து போடுகிற வயலில்கூடப் பருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு அடுத்த குவியல் ஓர் அம்மாவுடையது. அறுபதைத் தாண்டிய வயது. நான்கு சாக்குப் பருத்தி. கொட்டிய குவியலுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பஞ்சில் ஒட்டியிருந்த இலைச் சருகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்து அதே வேலை. இரண்டு முறை எழுந்து குவியலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல வெள்ளையாக இருந்த பஞ்சை அள்ளி மேலே போட்டார். மஞ்சள் தட்டியதைக் கீழே தள்ளினார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிரித்தார். “எல்லாரும் பண்றதுதான் தம்பி.”

உண்மைதான், எல்லாரும் செய்கிறார்கள். அந்தப் பக்கம் ஒருவர் இரவில் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்ததையும் பார்த்தேன். எடை கூடும். வியாபாரிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டு அடிப் பஞ்சை எடுத்துப் பார்க்கிறார்கள். விவசாயியின் ஏமாற்று இந்த அளவில் நின்றுவிடுகிறது. கையை விட்டால் அகப்பட்டுவிடும்.

வியாபாரிகள் பத்து மணிக்கு மேல் வந்தார்கள். கொங்குப் பக்கத்திலிருந்து இரண்டு பேர், தேனிப் பக்கத்திலிருந்து ஒருவர், உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர். எல்லாரும் தனித்தனி வண்டியில்தான் வந்து இறங்கினார்கள். நான் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனபோது ஆறு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். டீ, வடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவரே காசு கொடுத்தார். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒன்றாக டீ குடிப்பார்கள். உள்ளூர்க்காரர்களில் மூத்தவர் ஒரு சின்ன டைரியைத் திறந்து மடியில் வைத்திருந்தார். “போன வாரம் நானுங்க, இந்த வாரம் அண்ணன் பார்த்துக்கட்டும்” என்றார் கொங்குக்காரர். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்தார்கள்.

பருத்தி பார்க்கிற லாகவம் தனி. குத்தாகக் கையை நுழைத்து, ஒரு பிடி எடுத்து, கொட்டையோடு இருக்கிற பஞ்சை இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுப்பார்கள். இழை நீளமா குட்டையா என்பது அந்த இழுப்பில் தெரிந்துவிடும். கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்தால், சத்தத்திலேயே காய்ச்சல் பிடிபடும். தேனிக்காரர் தெற்கு வரிசையில் ஒவ்வொரு குவியலிலும் இப்படித்தான் செய்தார். இரண்டு குவியலில் உட்கார்ந்தேவிட்டார். பிறகு வடக்கு வரிசைக்கு வந்தார். அங்கே போனைக் காதில் வைத்தபடி நடந்தார். கை எந்தக் குவியலுக்குள்ளும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு குவியலின் எண்ணையும் பார்த்துச் சீட்டு எழுதினார்.

வடக்கு வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தவர் கொங்குக்காரர். அவர் தெற்கில் தொடவில்லை. அங்கேயும் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதினார்.

வாங்கப் போகிற சரக்கைத் தொடாமல் யாராவது விலை எழுதுவார்களா? வாங்காமல் இருப்பதற்காக எழுதினால் எழுதலாம்.

இந்தக் கூடங்களில் நடப்பதை மறைமுக ஏலம் என்பார்கள். ஒவ்வொரு வியாபாரியும் குவியல் எண்ணையும் தான் கொடுக்கும் விலையையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைத் திறந்து, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் விவசாயி விற்க மறுக்கலாம், உரிமை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சந்தைகளில் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் பேரம் பேசினார்கள். தரகர் இருவருக்கும் விலை தெரியும், பொருளுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாது. அந்த மாதிரி அநியாயங்களை ஒழிக்கத்தான் 1928இல் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்றது. 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்களின் சந்தைக்கென்று சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்காகவே முதல் கூடம் திறந்தார்கள். இப்போது இருப்பது 1987ஆம் வருஷத்துச் சட்டம். துண்டு போய்ப் பெட்டி வந்தது நல்ல காரியந்தான்.

பிற்பகலில் பெட்டியைத் திறந்தார்கள். கண்காணிப்பாளர் மேஜையைச் சுற்றி வியாபாரிகள் நின்றார்கள். ஓர் எழுத்தர் சீட்டைப் பிரித்து எண், பெயர், விலை என்று வாசிக்க, இன்னொருவர் பேரேட்டில் அதிகத் தொகையை மட்டும் எழுதினார். விவசாயிகள் கம்பிக்கு இந்தப் பக்கம். அவர்கள் காத்திருந்தது கரும்பலகையில் எழுதப்போகிற ஒற்றை எண்ணுக்கு. எனக்குக் காவல் வேலைதானே, கம்பி ஓரமாகச் சாய்ந்து நின்று, காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் காதில் விழுந்த எல்லா எண்களையும் குறித்துக்கொண்டேன்.

தெற்கு வரிசையில் ஜெயித்த விலைகள்: 5,819, 5,836, 5,874. தோற்ற விலைகள்: 5,700, 5,700, 5,650, 5,700, 5,700. வடக்கிலும் அதேதான். ஜெயிக்கிறவர் சில்லறை வரை கணக்குப் போட்டிருக்கிறார். தோற்கிறவர்கள் முழு எண்ணாக, ஒரே எண்ணாக எழுதியிருக்கிறார்கள். நல்ல பருத்திக்கும் மழையில் நனைந்த பருத்திக்கும் தோற்ற சீட்டில் வித்தியாசமே இல்லை. பார்க்காத சரக்குக்கு வேறு எப்படி எழுத முடியும்?

மூத்தவர் கையில் டைரி திறந்திருந்தது. ஒவ்வொரு சீட்டும் வாசிக்கப்படும்போது அவரும் குறித்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் தோற்ற விலைகளைக் குறித்துக்கொண்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருமுறை என் தாளை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு எதற்கு அது? பேசிவைத்த விலையைத் தாண்டி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டாமா? கூட்டுச் சேர்ந்து விலை வைக்கிறவர்களுக்கு வெளி ஆளைவிடச் சொந்த ஆள் மேல்தான் பயம். ஆளுக்குக் கொஞ்சம் திருட்டுத்தனமாக விலையை ஏற்றினால் கூட்டு கலைந்துவிடும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1964இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்குகிறார்: மூடி முத்திரையிட்ட டெண்டரைத் திறந்து எல்லாரையும் வைத்துக்கொண்டு வாசிப்பது, கூட்டை மீறியவனைக் கண்டுபிடிக்க அந்தக் கூட்டாளிகளுக்கே செய்துகொடுக்கும் உபகாரம். அவர் சொன்னது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. நேர்மையாக நடத்துகிறோம் என்று எழுத்தர் உரக்க வாசிக்க வாசிக்க, டைரிக்காரருக்குத் தணிக்கை முடிந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் கரும்பலகை.

இதெல்லாம் சந்தேகம்தான், சாட்சியம் ஆகாது. வியாபாரிகள் பக்கமும் நியாயம் உண்டு. எல்லாரும் ஒரே மில்களுக்குத்தான் போடுகிறார்கள். நூல் விலை இறங்கினால் எல்லாருடைய விலையும் ஒரே நாளில் இறங்கும். ஈரப் பருத்தியை வாங்கி லாரியில் ஏற்றியபின் உள்ளே சூடேறிப் பழுத்துப்போனால் நஷ்டம் அவர்களுக்கு. மில்காரர் பணத்தை இழுத்தடிப்பார். இங்கே உடனே கொடுக்க வேண்டும். விலை குறைந்தாலே சதி என்று சொல்லிவிட முடியாது. பத்தாயிரம் விற்ற மறு வருஷம் பரப்புக் கூடினால் விலை இறங்கத்தான் செய்யும். ஆனால் சந்தை இறக்கும் விலையில் சீட்டுகள் சிதறிக் கிடக்கும். ஒருவன் இழையை நீளம் என்பான், ஒருவன் குட்டை என்பான். ஒருவனுக்கு இன்று லாரி நிறைய வேண்டும், ஒருவனுக்கு வேண்டாம். ஆறு பேர் ஆறு கணக்குப் போட்டால் எண்கள் முன்னே பின்னேதான் வரும். எல்லா வாரமும் ஒட்டிக்கொண்டே வந்தால் கவனிக்க வேண்டும்.

அப்படி ஒட்டிய எண்ணால் அகப்பட்ட வழக்கு ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. கிடங்கில் தானியத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். 2009 மே மாதம் இந்திய உணவுக் கழகம் அந்த மாத்திரைக்கு டெண்டர் கேட்டபோது எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக்ஸ் என்ற மூன்று கம்பெனிகளும் எழுதிய விலை ஒன்றே: கிலோ 388 ரூபாய். மூன்று வெவ்வேறு ஆலை, வெவ்வேறு செலவு, விலை மட்டும் ஒன்று. அதற்கு முந்தைய வருஷங்களின் டெண்டர்களைப் புரட்டினால் அங்கேயும் இதே ஒற்றுமை. கம்பெனிகளின் ஆட்கள் சேர்ந்தாற்போல வந்து போனதற்கு வாயிலில் இருந்த வருகைப் பதிவேடும் சாட்சி சொன்னது. போட்டி ஆணையம் 2012இல் அபராதம் போட்டது. டெண்டர் கொடுத்த நாளில் சட்டத்தில் கூட்டைத் தடுக்கும் பிரிவு அமலுக்கே வரவில்லை என்றுகூட வாதாடிப் பார்த்தார்கள். சில நாள் இடைவெளிதான். 2017இல் உச்ச நீதிமன்றம் அபராதத்தைக் கணக்கிடும் முறையில் கம்பெனிகளுக்குச் சாதகமாகச் சொன்னாலும், கூட்டுச் சேர்ந்தது உண்மை என்பதை உறுதி செய்தது.

2002ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம் விற்கிற விலையோடு வாங்குகிற விலையையும் சொல்கிறது. வாங்குகிறவர்கள் கூடிப் பேசி விலையைக் குறைப்பதும் குற்றந்தான். கூட்டில் இருந்துகொண்டே முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் முழுவதையும்கூடத் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பருத்தி மூட்டையோடு வந்தவர் டெல்லி ஆணையத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவார்? உணவுக் கழகத்தில் தோற்ற டெண்டர்களும் கோப்பில் இருந்தன. இங்கே பேரேட்டில் ஜெயித்த எண் மட்டும்தான் ஏறுகிறது. சீட்டுகள் வாசித்து முடிந்ததும் நூலில் கோத்து மேஜை அடியில் போனதைப் பார்த்தேன்.

அன்றைக்கு ஏழாவதாக ஒருவர் வந்திருந்தார். புதிதாக உரிமம் எடுத்த இளைஞர், பைக்கில் வந்து இறங்கினார். டீக்கடை பெஞ்சுக்குப் போகவில்லை. மேற்கு வரிசையில் மட்டும் ஒவ்வொரு குவியலிலும் கை விட்டுப் பார்த்தார். எழுதிப் பெட்டியில் போட்டார். மேற்கு வரிசைச் சீட்டை வாசித்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் சலசலப்பு. 6,210, 6,255, 6,190. அதே ஊர்களின் பருத்தி, அதே மழை, அதே நாள். சில அடி தள்ளிக் கொட்டியதற்கு முந்நூறு, நானூறு ரூபாய் அதிகம். ஆனால் அந்தச் சீட்டுகளில் முக்கால்வாசி அவருடையவை அல்ல. மற்ற ஆறு பேரும் மேற்கு வரிசைக்கு மட்டும் உயர்த்தி எழுதியிருந்தார்கள். அவர் கைக்குச் சில குவியல்கள்தான் கிடைத்தன. லாரி வாடகைக்கே கட்டாது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை என்று மாமா மகன் பின்னால் சொன்னான். மேற்கு வரிசையும் ஐயாயிரத்துச் சொச்சத்துக்குத் திரும்பிவிட்டதாம்.

அன்று கொடுக்கக்கூடிய விலை ஆறாயிரத்து இருநூறு என்பதை மேற்கு வரிசைச் சீட்டுகளில் அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சதியை நிரூபிக்க அது போதாமல் இருக்கலாம், விசாரிக்கப் போதும்.

வெளியூர் வியாபாரிகளையும் ஏலத்துக்குள் கொண்டுவர மின்னணு தேசிய வேளாண் சந்தை, சுருக்கமாக இ-நாம், 2016 ஏப்ரலில் தொடங்கியது. நாட்டின் எந்த மூலையில் இருக்கிற வியாபாரியும் போனில் விலை போடலாம் என்பது எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் சேலத்திலோ ராஜபாளையத்திலோ உட்கார்ந்திருக்கிறவர் இந்தக் குவியலின் இழை நீளத்தையும் ஈரத்தையும் எதை நம்பி மதிப்பிடுவார்? தரம் பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடமும், அது தரும் அறிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லாத இடத்தில், பெட்டியில் சீட்டுப் போட்ட அதே ஆறு பேர்தான் போனில் எண்ணைத் தட்டுவார்கள். வெளியூர்ப் போட்டி வேண்டுமென்றால் முதலில் நம்பகமான தரச் சான்று வேண்டும்.

இந்தியப் பருத்திக் கழகத்தை ஏலத்துக்குக் கூப்பிடுங்கள் என்று டெல்டா விவசாயிகள் மறியல் செய்வதும் கூட்டில் சேராத ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். கழகம் எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலையோடு ஓர் ஆள் வந்து நின்றால், அதற்குக் கீழே எழுதுகிறவர்களுக்குச் சரக்குக் கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை. 2023 ஜூனில் நீள இழைப் பருத்திக்கு 7,020 ரூபாய் என்று அரசு அறிவித்ததை டிவியில் பார்த்துவிட்டுத்தான் பலர் சரக்கைக் கொண்டுவந்திருந்தார்கள். பருத்தி ஆண்டு தொடங்குவது அக்டோபரில். டெல்டாப் பருத்தி விற்றுத் தீர்வது அதற்குள். ஜூலையில் மூட்டையோடு நின்றவர்களுக்கு உரியது பழைய விலையான 6,380. அந்தப் பழைய விலையும் அன்று கரும்பலகையில் இல்லை.

அந்த அம்மாவின் குவியலுக்கும் ஐயாயிரத்துச் சொச்சந்தான் எழுதியிருந்தார்கள். “சிண்டிகேட் போட்டுட்டானுவ” என்று பின்னால் யாரோ கத்தினார்கள். இரண்டு மூன்று இளைஞர்கள் ரோட்டில் உட்காரலாம் என்றார்கள். அந்த அம்மா எழுத்தரிடம் போய், “வேணாம்னு சொன்னா என்ன செய்யணும் சார்?” என்று கேட்டார்.

“சாக்குல புடிச்சி எடுத்துக்கிட்டுப் போவலாம்மா. அடுத்த வாரம் கொண்டாங்க.”

கொண்டுவந்த வண்டி வாடகை, திரும்பிப் போகிற வாடகை, மறுபடி கொண்டுவருகிற வாடகை. எடுப்புக் கூலிக்கு வாங்கின கடன். மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. மறுக்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதற்குக் குவியலை ஒரு வாரம் நனையாமல் வைக்கிற கிடங்கும், அந்தச் சரக்கின்மேல் அன்றைக்கே கொஞ்சம் முன்பணமும் வேண்டும். விற்பனைக் கூடங்களில் கிடங்கும் பொருளீட்டுக் கடனும் உண்டு. அவற்றைப் பற்றி எழுத்தர் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் கைநாட்டு வைத்துவிட்டு எடை போடப் போனார்.

சாயங்காலம் லோடு ஏறும்போது கவனித்தேன். தெற்கில் தேனிக்காரர் ஜெயித்த சரக்கும் வடக்கில் கொங்குக்காரர் ஜெயித்த சரக்கும் ஒரே லாரியில் ஏறின. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. என் காலண்டர் தாளில் அதையும் எழுதி வைத்தேன்.

விற்பனைக் குழு அதிகாரிகளிடம் கேட்பதற்கு இருப்பது இவ்வளவுதான். சீட்டைத் திறக்கும்போது தோற்றவர் பெயரை வாசிக்காதீர்கள். ஜெயித்தவர் பெயர் மட்டும் போதும். தோற்ற தொகைகளை எல்லாம், பெயர் இல்லாமல், அன்று சாயங்காலமே விவசாயிகள் பார்க்கிற பலகையில் ஒட்டுங்கள். பெயரோடு இருக்கிற சீட்டுகளைப் பருவம் முடியும்வரை பத்திரமாக வைத்து, மாவட்டத்தில் யாராவது ஒருவர் வாரா வாரம் அடுக்கிப் பார்க்கட்டும். ஏழாவதாக ஒருவர் வந்தால் அவர் அடுத்த வாரமும் வருகிறாரா என்று விசாரியுங்கள். ஏலத்துக்குப் போகிற விவசாயிகளும், தங்கள் குவியலுக்கு எழுதிய விலையோடு பக்கத்துக் குவியல்களின் விலையையும் குறித்துக்கொண்டு வரவேண்டும். ஆறு வாரத்துத் தாள்களைச் சேர்த்து வைத்தால், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் “சிண்டிகேட்” என்று கத்துவதற்குப் பதிலாக மேஜையில் வைத்துக் கேட்கலாம்.